மாதா அட்டைக்குள் முன்னூற்று நாலு

வின்சன்ற் சம்மாட்டியார் ஒரு பொய்யர்.

இதை அவருடைய முகத்துக்கு நேரே பதின்மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன். கடற்கரையில் சொல்லியிருக்கிறேன். கோயில் வாசலில் சொல்லியிருக்கிறேன். அவருடைய மகளின் கலியாணப் பந்தலில், அவர் கையால் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் சிரித்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு என்னில என்ன கோவமோ தெரியேல்லை" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார். பக்கத்தில் நிற்பவரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டுத் தலையாட்டுவார். அதனால் இந்த முறை எழுதுகிறேன். எழுத்துக்கு முன்னால் சிரித்துத் தப்ப முடியாது.

(முடியும் என்று என் கணவர் சொல்கிறார். அவர் சம்மாட்டியாரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அவர் வேறு என்ன சொல்வார்?)

ஆனால் பொய்யரின் கதையைச் சொல்வதற்கு முதல் ஒரு முட்டாளின் கதையைச் சொல்ல வேண்டும். அந்த முட்டாள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் ஊர் வாசிகசாலையின் செயலாளர். கூட்டத்தில் யாரும் கை தூக்காத நேரத்தில் ஒரு நுளம்பை அடிப்பதற்காக நான் கை தூக்கினேன், பதவி கிடைத்தது. கிடைத்த பிறகு தலைகால் தெரியவில்லை. செயலாளர் என்று ஒரு றப்பர் முத்திரை செய்வித்து, வீட்டுச் சீனிப் போத்தலுக்கும் அடித்துப் பார்த்தேன்.

வாசிகசாலை என்பது கடற்கரைக்குப் பக்கத்தில் ஓர் அறை. தகரக் கூரை, இரண்டு வாங்கு, ஒரு மேசை, ஓர் அலுமாரி. அலுமாரிக்குள் முப்பத்தேழு புத்தகங்கள். பாதி புனிதர்களின் வாழ்க்கை, பாதி கதைப் புத்தகம். வருகிறவர்கள் பேப்பர் பார்க்கவும் காற்று வாங்கவும் வந்தார்கள். புத்தகத்தை எடுத்து விசிறியவர்கள் உண்டு. வாசித்தவர்களை நான் காணவில்லை. செயலாளரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த அறையில் கண் வைத்திருந்தவர் வின்சன்ற் சம்மாட்டியார். ஐந்து வள்ளத்துக்குச் சொந்தக்காரர், மீனவர் சங்கத் தலைவர், மாலையானால் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் ஏறி அமர்ந்து ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நாட்டு அரசியலைப் பிரித்து மேய்பவர். அவருக்கு அந்த அறை வள்ள எஞ்சின்கள் வைக்க வேண்டும்.

"புத்தகத்துக்கு உப்புக்காத்துப் பிடிச்சா மஞ்சளாகும், அவ்வளவுதான். எஞ்சினுக்குப் பிடிச்சா எங்கட பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது?" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார். கைதட்டினார்கள். என் அம்மாவும் தட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வாசிகசாலையைப் பதிவு செய்ய ஓர் அதிகாரி வருவார். பதிவானால் அறை வாசிகசாலையாகவே இருக்கும், புது அலுமாரியும் கிடைக்கும். பதிவாகாவிட்டால் அறை சங்கத்துக்குத் திரும்பும். பதிவாக ஒரு நிபந்தனை: கதைப் புத்தகம் மட்டும் காணாது, அறிவு நூல்களும் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று. கணிதம் ஒன்று, விளையாட்டு ஒன்று, அரசியல் வரலாறு ஒன்று.

இந்த மூன்றையும் ஒரு வசனத்துக்குள் சேர்த்துக் கட்டியவர் யார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. மாணவருக்கு ஒன்று, இளைஞருக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. நல்ல மனிதர். மன்னாரில் ஒரு நாள் புத்தகம் தேடியிருந்தால் அந்தப் பேனையை மூடி வைத்திருப்பார்.

நான் தேடினேன். பஸ் ஏறி டவுனுக்குப் போய், இருந்த கடைகளிலேயே பெரிய கடைக்குள் நிமிர்ந்து நுழைந்தேன். (முத்திரை கைப்பைக்குள் இருந்தது.)

"அண்ணை, கணிதப் புத்தகம் இருக்கோ?"

"எத்தினையாம் ஆண்டு?"

"ஆண்டு இல்லை. சும்மா வாசிக்கிறதுக்கு."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "சும்மா வாசிக்கக் கணக்கோ? தங்கச்சி, வெயிலுக்குள்ள நடந்து வந்தனீங்களோ? இந்தக் கதிரையில இருங்கோ, தண்ணி தாறன்."

"விளையாட்டைப் பற்றி?"

"கரம் போட் இருக்கு."

"புத்தகம், அண்ணை."

"போட் இருக்கேக்க புத்தகம் என்னத்துக்கு?"

கடைசியாக அரசியல் வரலாறு கேட்டேன். அவர் கடைக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். யுத்த காலத்துப் பழக்கம் விடவில்லை. "அது இஞ்ச ஆரும் வாங்கிறேல்லை பிள்ளை. நாங்கள் எல்லாரும் அதுக்குள்ளதானே இருந்தனாங்கள். பிறகு காசு குடுத்து வேற வாசிக்கோணுமோ?"

இரண்டு நவநாள் மெழுகுதிரியும் ஒரு கொப்பியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெறுங்கையோடு கடையை விட்டு வர வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் எங்கள் பங்குச் சுவாமி அறிவித்தார். வீட்டில் கிடக்கும் அறிவு நூல்களை வாசிகசாலைக்குத் தாருங்கள், கோயில் வாசலில் பெட்டி வைத்திருக்கிறது. பெட்டி மீனுக்கு ஐஸ் போடும் றெஜிபோம் பெட்டி. நான் மூன்று தரம் கழுவினேன். அந்தப் புத்தகங்களில் இன்றும் பாரை மீன் மணக்கிறது.

அறிவித்தல் வேலை செய்தது. முதலில் கணிதம் வந்தது. ஓய்வுபெற்ற தபாற்காரரின் மனைவி செபமாலை அன்ரி சேலைத் தலைப்பில் சுற்றி அதைக் கொண்டு வந்தார்.

"கணக்குப் புத்தகம் பிள்ளை. நல்ல கணக்கு. எங்கட வீட்டில கன வருசமா இருக்கு."

"நீங்கள் வாசிச்சனீங்களோ அன்ரி?"

"நான் எங்க வாசிக்கிறது. ஆனா கணக்குத்தான். ஆர் கேட்டாலும் சொல்லுவன்."

இரண்டாவதாக அரசியல் வரலாறு. அதைக் கொண்டு வந்தவர், நம்புங்கள், சம்மாட்டியாரின் மனைவி ஜசிந்தா மாமி. மாமி மிக நல்ல மனிதர். கணவருக்கு வாசிகசாலை வேண்டாம் என்பதோ, தனக்கு அது வேண்டும் என்று சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்பதோ அவருக்குப் பொருட்டில்லை.

"இவர் வள்ளத்தில இருந்து வாசிக்கிற பெரிய அரசியல் புத்தகம். கடலுக்குப் போன நேரம் எடுத்தனான். இவ்வளவு படிச்ச மனிசன், இனி ஊரும் படிக்கட்டும்."

மூன்றாவது விளையாட்டு. உதைபந்தாட்டக் கழகத்திடம் விதிமுறைப் புத்தகம் ஒன்று இருந்தது. மெல்லியது, ஆனால் புத்தகம். கெஞ்சி இரவல் வாங்கினேன்.

பெட்டியின் அடியில் யார் போட்டார்கள் என்று தெரியாமல் இன்னொன்றும் கிடந்தது. மேலே பேனையால் "மடு மாதா நவநாள்" என்று எழுதியிருந்தது. செபப் புத்தகம் எத்தனை இருந்தாலும் பிழையில்லை என்று அதையும் எடுத்தேன்.

இனித்தான் என் முட்டாள்தனம். எங்கள் பக்கத்தில் வீட்டில் புத்தகம் என்றால் அதற்குக் கலண்டர் தாளால் அட்டை போட்டிருக்கும். கலண்டர் என்றால் கோயில் கலண்டர். கோயில் கலண்டர் என்றால் மடு மாதா. ஆகவே எங்கள் ஊரில் கணக்குக் கொப்பி, சமையல் குறிப்பு, மீன் அனுமதிப் பத்திரம் எல்லாம் மாதாவின் படத்துக்குள்தான் இருக்கும். வந்த புத்தகங்களும் அப்படியே வந்தன. அந்த அட்டையை யாரும் கிழிக்க மாட்டார்கள். மாதாவின் முகத்தில் கிழிசல் விழுந்தால் யார் பொறுப்பு? எனவே பழைய அட்டைக்கு மேலேயே புது அட்டை போடுவது வழக்கம். நானும் போட்டேன். போன வருடத்துக் கலண்டர்களைச் சேர்த்து, கோதுமை மாவில் பசை காய்ச்சி, புத்தகம் விரியாமல் உடுப்புக் கிளிப்பால் கவ்விப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தொரு புத்தகத்துக்கும் அட்டை போட்டேன். ஒவ்வொன்றிலும் துண்டு ஒட்டி, பெயர் எழுதி, முத்திரை அடித்தேன். "கணிதம்." "அரசியல் வரலாறு." "விளையாட்டு." "நவநாள்."

நாற்பத்தொன்றில் ஒன்றையாவது திறந்து பார்த்தேனா? இல்லை. செபமாலை அன்ரி கணக்கு என்றார், அது கணக்கு. மாமி அரசியல் என்றார், அது அரசியல். மாதா படத்துக்குள் இருப்பதை நான் சந்தேகப்படுவதா?

அலுமாரி முழுக்க நாற்பத்தொரு மாதா. பார்க்கப் பீடம் மாதிரி இருந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டார்.

அதிகாரி வரும் வெள்ளிக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்குக் கழகத்துத் தலைவர் மோட்டார்சைக்கிளில் வந்தார்.

"அக்கா, விதிப் புத்தகத்தைத் தாங்கோ. பேசாலைக்காரரோட பிரச்சினை. ஓஃப்சைட்."

"இண்டைக்கோ? இண்டைக்குத்தான் எனக்கு வேணும்!"

"அவங்கள் மைதானத்தில இருக்கிறாங்கள் அக்கா. எழும்ப மாட்டம் எண்டு இருக்கிறாங்கள்."

என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். விளையாட்டு என்று எழுதிய தட்டு வெறுமையாகியது. யாரோ வாசிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் ஊரைத் தெரிந்த எவரும் அதை நம்ப மாட்டார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

எட்டரை மணிக்குச் சம்மாட்டியார் வந்தார். சறத்தை மடித்துக் கட்டி, கரையிலிருந்து ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. அலுமாரியைப் பார்த்தார். மிச்சமிருந்த நாற்பது மாதாவும் அவரைப் பார்த்தனர்.

"பிள்ளை, என்ர புத்தகம் ஒண்டை மனிசி தெரியாம இஞ்ச தந்திட்டுது. அதைத் தா."

"எந்தப் புத்தகம்?"

"அதுதான்... அரசியல்."

நான் இரண்டு கையையும் விரித்து அலுமாரிக்கு முன்னால் நின்றேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வாசிகசாலையைக் கெடுக்க வந்திருக்கிறார்!

"தர மாட்டன்."

"இண்டைக்கு ஒரு நாளைக்கு. ஒரு விசயம் பாக்கோணும்."

"அதிகாரி போன பிறகு பாருங்கோ."

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள்." குரலைத் தாழ்த்தினார். "இந்த அறை எனக்கு வேண்டாம். எஞ்சினை வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள வைக்கிறன். சங்கத்தில நானே சொல்லுறன், அறை உனக்குத்தான். அந்தப் புத்தகத்தை மட்டும் தந்துவிடு."

வாசகர்களே, இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நான் எதற்காகப் பத்து நாள் அலைந்தேனோ, அதை அவர் என் கையில் வைத்தார். "சரி" என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இலஞ்சம் தாறியளோ? செயலாளருக்கே இலஞ்சமோ?"

புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் ஒரு முனையைப் பிடித்தார். ஐந்து வள்ளத்துச் சம்மாட்டியாரும் நானும் மாதாவை நடுவில் வைத்து இழுபட்டோம். அந்த நேரம் வெளியே வான் நின்ற சத்தம் கேட்டது. அவர் கையை விட்டார். நான் பின்பக்கமாகப் போய் வாங்கில் விழுந்தேன். அவர் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் கதவுக்குப் பின்னால் ஒளிந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதிகாரி ஓர் இளம் முஸ்லிம் பெண். எருக்கலம்பிட்டிப் பக்கத்து ஆள், எங்களுக்கு "மிஸ்". முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "இவ்வளவு சனமா?" என்று சிரித்தார். உண்மைதான், சனம் நிறைந்திருந்தது. சுவாமி வருகிறார் என்றதால் செபக் குழுப் பெண்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். சுவாமிக்கு வயது எழுபத்தைந்து. அந்தக் கிழமைதான் வலக்கண்ணில் புரை வெட்டி, பஞ்சு ஒட்டியிருந்தார்.

எங்கள் ஊரில் எந்தக் காரியமும் செபத்தோடுதான் தொடங்கும். மிஸ்ஸும் தலை குனிந்து மரியாதையாக ஒரு பக்கம் நின்றார்.

"நவநாள் புத்தகம் ஒண்டு எடு பிள்ளை," என்றார் சுவாமி. "என்ர கண்ணாடியும் இல்லை, கண்ணும் இல்லை. மன்றாட்டு மாலையைத் தொடக்கினா மிச்சம் தானா வரும்."

நான் நவநாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் நடுவில் விரித்து, ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பக்கத்தில் சின்னச் சின்ன வரிகளாக இருந்தது. புனிதர்களை ஒவ்வொருவராக அழைத்து வேண்டும் மன்றாட்டு மாலையும் அப்படித்தான் இருக்கும். அவர் இராகத்தை எடுத்தார்.

"வீரன், முப்பது..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றார்கள் முப்பது பெண்கள்.

"ஒன்பது, இருபது..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

நானும் சொன்னேன். மறைக்கவில்லை. கைகூப்பி, கண்மூடி, முழுப் பக்தியோடு சொன்னேன்.

"ஆசு, பதினொன்று..."

ஆசு என்றதும் எனக்குள் ஏதோ இடித்தது. எந்தப் புனிதர் ஆசு? கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் இருந்தது: "முன்னூற்று நாலு விளையாடும் முறை." கடுதாசி விளையாட்டு! வள்ளத்துக்குப் பின்னால் நாலு பேர் சுற்றியிருந்து அடித்துப் போடும் அதே சீட்டு விளையாட்டு, தட்டச்சில் அடித்து, நூலால் கட்டி, மாதாவின் அட்டைக்குள்!

பாய்ந்து சுவாமியின் கையிலிருந்து பறித்தேன். அதோடு மாலை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இதற்குள் கண்ணை மூடிவிட்ட சுவாமி, கையில் புத்தகமே இல்லாமல், இராகம் பிசகாமல் தொடர்ந்து போனார்.

"பத்து, பத்து..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"ராசா, மூன்று... ராணி, இரண்டு..."

ராணிக்குப் பெண்கள் இன்னும் உரத்துச் சொன்னார்கள். மன்றாட்டு மாலையில் மாதாவை இராக்கினி என்று அழைப்பது வழக்கம்தானே. பிறகு ஒவ்வொருவராக வாய் மூடினார்கள்.

சுவாமி கண்ணைத் திறந்தார். தன் வெறுங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செமினரியில மழைக்காலம் நீளம், பிள்ளை," என்றார்.

முதலில் சிரித்தவர் மிஸ்தான். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கட வாப்பாவும் இதே ஓடர்லதான் சொல்லுவாரு, ஃபாதர். எட்டும் ஏழும் வெறும் பூச்சியம் எண்டு கடைசியில சேர்ப்பாரு."

"ஓம், ஓம், எட்டும் ஏழும் பூச்சியம்," என்றார் சுவாமி, விட்டுப்போனதை ஞாபகப்படுத்தியவருக்கு நன்றி சொல்லும் குரலில்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. மணல் நிலம், கொஞ்சம் முயன்றால் போயிருக்கலாம். ஆனால் செயலாளர் அல்லவா? குரலைச் செருமிக்கொண்டு, "மிஸ், அது வேற. அறிவு நூல்கள் இஞ்சால இருக்கு," என்று கணிதத்தை எடுத்து நீட்டினேன்.

மிஸ் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. என் பசை முதற் பக்கங்களை ஒட்டிவிட்டிருந்தது. நகத்தால் பிரித்து வாசித்தார்.

"'ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு தரப்பினரும் பின்னர் அதைக் கைவிட்டனர்.' இது என்ன கணக்கு?"

"வசனக் கணக்கு, மிஸ்."

"அப்ப விடை என்ன?"

"இன்னும் வரேல்லை, மிஸ்."

பின்னால் நின்ற செபமாலை அன்ரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை! இப்பதான் ஞாபகம் வருது. அது கணக்கில்லை, இவரின்ர அரசியல் புத்தகம்! பிரச்சினைக் காலத்தில பயத்துக்கு முதல் தாளைக் கிழிச்சுப்போட்டு, மாதா அட்டை போட்டு, மேல 'கணிதம்' எண்டு எழுதினவர். சுற்றிவளைப்பு நேரமெல்லாம் ஆமிக்காரர் எடுத்துப் பாப்பினம். நான் 'மேட்ஸ், மேட்ஸ்' எண்டு சொல்லுவன். ஒரு பெடியன் மாதாவைத் தொட்டுக் கும்பிட்டிட்டுத் தந்தவன். எத்தினை வருசம் மேட்ஸ், மேட்ஸ் எண்டு சொன்னன். கடைசியில எனக்கே அது மேட்ஸ் ஆகிப்போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அன்ரியே சிரித்தார். அதன் பிறகு எல்லோரும் சிரித்தோம், கொஞ்சம் கூடுதலாகவே.

"சரி, அப்ப அரசியல் வரலாறு எண்டு எழுதினதுக்குள்ள என்ன இருக்கு?" என்று மிஸ் கையை நீட்டினார். குரலில் இப்போது ஆர்வம். கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்.

மிஸ் திறந்து வாசித்தார். "'மூன்றில் இரண்டு...' ஓ, பாராளுமன்றப் பெரும்பான்மை. சரியாத்தான் இருக்கு." பக்கம் திருப்பினார். "'தோட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கில் தென்னையும் எஞ்சியதில் அரைவாசியில் வாழையும்...'" நிறுத்தினார். "இது எட்டாம் ஆண்டுக் கணக்கு."

பக்க ஓரமெல்லாம் பென்சிலில் கணக்குகள். வெட்டியும் அழித்தும் திரும்பச் செய்தும். ஒவ்வொன்றின் கீழும் அதே கையெழுத்தில் "பிழை", "பிழை", "திரும்பவும் பிழை." ஓரிடத்தில் மட்டும், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி: "சரி!!!"

எல்லோரும் ஜசிந்தா மாமியைப் பார்த்தார்கள். மாமி வாயைத் திறந்தபடி நின்றார். "இவர் ஒவ்வொரு நாளும் இதைப் பாத்துத்தானே நாடாளுமன்றத்தைப் பற்றிக் கதைக்கிறவர்..."

கதவுக்குப் பின்னாலிருந்து சம்மாட்டியார் வெளியே வந்தார். முகம் அவித்த றால் மாதிரிச் சிவந்திருந்தது.

"என்ன எல்லாரும் பாக்கிறியள்? அஞ்சாம் வகுப்போட கடலுக்குப் போனனான். பின்னம் எண்டா என்னெண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. மகள் கொப்பியைக் கொண்டு வந்து 'அப்பா, இதைச் சொல்லித் தாங்கோ' எண்டா. எனக்குத் தெரியாது எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. கடலில வேலை இருக்கு எண்டு எழும்பிப் போட்டன். ஆரிட்டக் கேக்கிறது? சங்கத் தலைவர் கணக்குப் படிக்கிறார் எண்டு ஊர் சிரிக்காதோ? அரசியல் எண்டு எழுதினா ஒருத்தரும் கிட்ட வந்து பாக்க மாட்டினம்."

மாமி போய் அவருடைய சறத்தில் ஒட்டியிருந்த தும்பைத் தட்டிவிட்டார்.

மிஸ் மூன்று புத்தகத்தையும் மேசையில் வரிசையாக வைத்தார். "கணிதம் இருக்கா? இருக்கு. அரசியல் வரலாறு? இருக்கு. விளையாட்டு?" சீட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "இது விளையாட்டு இல்லையெண்டு ஆராவது சொல்லுவீங்களா?"

விளையாட்டுத்தான் என்று சுவாமி பலமாகத் தலையாட்டினார்.

"முன்னூற்று நாலு எண்டு ஏன் பேர்?" என்று செபக் குழுவில் யாரோ கேட்டார்கள்.

"முப்பது, இருபது, பதினொண்டு, பத்து, மூண்டு, ரெண்டு. கூட்டினா எழுபத்தாறு. நாலு வகைக் கடுதாசி. எழுபத்தாறு நாலு முன்னூற்று நாலு," என்றார் சம்மாட்டியார், கண் இமைக்கும் நேரத்தில். சொன்ன பிறகு நாக்கைக் கடித்தார். நான் அதைக் கண்டேன். அன்றைக்கு என் கண்ணில் சரியாகப் பட்டது அது ஒன்றுதான்.

மிஸ் பதிவேட்டில் எழுதினார்: "மூன்று துறை நூல்களும் உண்டு. அடுக்கி வைக்கவும்." என் முத்திரையை வாங்கி அடித்தார். அறை நிலைத்தது.

எஞ்சின்கள் சம்மாட்டியாரின் வீட்டுக் கோடிக்குள் போயின. எல்லாரும் பார்த்துவிட்ட பிறகு அவர் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் வாசிகசாலைக்கு வந்து, முன்வாங்கில் இருந்து, உரத்த குரலில் கணக்குச் செய்தார். ஐம்பத்திரண்டு வயதில் சாதாரண தரக் கணிதப் பரீட்சை எழுதி, "சீ" எடுத்துத் தேறினார். மன்னாரில் வெடி கொளுத்தினார். அதை நான் மதிக்கிறேன். பொய்யரை மதிக்கக் கூடாது என்று சட்டமில்லை.

எங்கள் வீட்டில் அந்த வெள்ளிக்கிழமையை யாரும் மறக்கவில்லை. எனக்குக் கலியாணம் பேசி மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, எல்லார் முன்னாலும் அம்மா கேட்டார்: "அட்டையை மட்டும் பாத்தியோ, உள்ளுக்கும் பாத்தியோ?" இன்றும் நான் கறிக்குள் மிளகாய்த்தூள் என்று எதையாவது போட்டால், என் மகள் போத்தலைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறாள்.

எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. அந்தச் சீட்டுப் புத்தகம் யாருடையது?

ஜசிந்தா மாமி, தான் ஒரு புத்தகம்தான் தந்ததாகச் சத்தியம் செய்கிறார். அவரை நம்புகிறேன். சம்மாட்டியார், தான் அதைக் கண்ணாலும் கண்டதில்லை என்கிறார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்றும் எனக்குத் தெரியும். புயலில் அகப்பட்டு உயிரோடு கரை வந்த வருடம், மாமி அவரை மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போய், இனிக் கடுதாசியைக் கையால் தொடமாட்டேன் என்று மாதாவுக்கு முன்னால் நேர்த்தி வைப்பித்தவர். கையால் தொடுவது வேறு, கண்ணால் வாசிப்பது வேறு என்று யாரோ ஒருவர் தனக்குள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அதை மாதாவின் படத்துக்குள்ளேயே வைத்து வாசித்தும் இருக்கிறார். துணிச்சல்காரர். மாமி கண்டுவிடப் போகிறார் என்று பயம் வந்த நாளில், என் மீன் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இரண்டு புத்தகமும் என்னிடம்தான் இருக்கின்றன. நான் இன்னும் செயலாளர். சீட்டுப் புத்தகத்தின் பதினாலாம் பக்க ஓரத்தில் பென்சிலால் "76" என்று எழுதியிருக்கிறது. ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு. கோட்டின் வலது முனை மேலே வளைந்து, தூண்டில் முள் மாதிரி. எட்டாம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எல்லா ஏழுக்கும் அதே கோடு, அதே முள். கரைக்குப் போய் அவருடைய ஐந்து வள்ளங்களின் இலக்கத்தைப் பாருங்கள். அவரே நின்று பெயின்ற் அடித்தவை. அதே முள்!

இதை நான் காட்டிய ஒவ்வொரு தடவையும், "ஊரில ஏழு எழுதிறவை கனபேர்" என்று சிரித்தார். கனபேர்தான். ஆனால் முள் வைத்து எழுதுகிறவர் ஒருவர்தான்.

ஆகையால், வின்சன்ற் சம்மாட்டியாரே, ஊரறியக் கேட்கிறேன். வருகிற திருநாளன்று பூசை முடிந்து சனம் கலையும் முன்னால், சங்கத்து அறிவித்தல் பலகைக்கு முன் வந்து நில்லுங்கள். ஜசிந்தா மாமியும் நிற்கட்டும், சுவாமியும் நிற்கட்டும், எருக்கலம்பிட்டி மிஸ்ஸுக்கும் நான் சொல்லி அனுப்புகிறேன். நீங்கள் பேச வேண்டாம், சத்தியம் செய்ய வேண்டாம். வெண்கட்டி நான் கொண்டு வருகிறேன்.

எல்லாரும் பார்க்க, பலகையில் ஒரேயொரு ஏழு எழுதிக் காட்டுங்கள்.